பிரீமியத்துக்கு விதி இருக்கிறது, பில்லுக்கு?

அப்பா அம்மா இருவரையும் சேர்த்து எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிக்குப் புதுப்பிப்பு நோட்டீஸ் வந்தபோது, தொகை குறைந்திருந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சென்ற முறை 42,480 ரூபாய் கட்டினோம். இந்த முறை 39,400. “ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள் அல்லவா, அதுதான்” என்றார் அப்பா. எனக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தத் தொகையைப் பார்த்தாலும் வரியையும் விலையையும் பிரித்துப் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது. சென்ற முறை கட்டியதில் பிரீமியம் 36,000. அதன் மேல் 18 சதவீத வரி 6,480. இந்த முறை வரி இல்லை. அப்படியானால் 36,000 அல்லவா வந்திருக்க வேண்டும்? அடிப்படைப் பிரீமியம் 3,400 ரூபாய் ஏறியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்பதரை சதவீதம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஓராண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றுவதானால் முன்கூட்டியே தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. எங்கள் ஏற்றம் அந்த வரம்பை ஒட்டி, அதற்குச் சற்றே கீழே நின்றிருந்தது.

அப்பா ஓசூரில் ஒரு தனியார் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். சம்பளம் வரம்பைத் தாண்டியதும் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. நின்றுபோனது. இப்போது அந்த வரம்பு மாதம் 21,000 ரூபாய். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். எங்களைப் போல இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஏழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெரிய ஆபரேஷன் வந்தால் நகை அடகுக்குப் போகும். இப்படிப்பட்டவர்களுக்குத் தனியார் பாலிசியின் பிரீமியம் ஏறுவதும் இறங்குவதும் செய்தித்தாளின் வணிகப் பக்கத்துச் செய்தி அல்ல, வீட்டுச் செலவு நோட்டின் முதல் வரி.

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் சித்தப்பா மகன் காப்பீட்டு ஏஜென்ட். எங்கள் பாலிசியைப் போட்டுத் தந்ததும் அவர்தான். போன் செய்து கேட்டேன்: “வரியை எடுத்த உடனே விலையை ஏற்றிவிட்டார்களே அண்ணா, இது என்ன நியாயம்?” அவர் பொறுமையாகச் சொன்னார்: “விதி எதுவும் சும்மா வருவதில்லை பாப்பா. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. அரசாங்கம் விதி போடுகிறது, கம்பெனி அதைக் கணக்கில் சேர்க்கிறது, நீங்கள் கட்டுகிறீர்கள். இவ்வளவுதான்.” அந்தப் பதிலை என்னால் ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பல வாரங்கள் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஓட்டம்தான் இந்தக் கட்டுரை.

அண்ணன் சொன்னதில் உள்ள உண்மை

முதலில் அவர் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, பாலிசி எடுக்கும்போதே உடலில் இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் (அதற்குள் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது) உச்சவரம்பு நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டு பிரீமியம் கட்டியவரின் கிளெய்மை, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, ‘உண்மையை மறைத்தார்’ என்று காரணம் காட்டித் தள்ள முடியாது; முன்பு இதற்கு எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் வந்த சுற்றறிக்கை, மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனமே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்றது. மன நோய்க்கும் உடல் நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே கட்டளையிட்டது. இவை எல்லாமே நல்ல விதிகள். இவை ஒவ்வொன்றும் நிறுவனம் கொடுக்க வேண்டிய பணத்தைக் கூட்டுகின்றன என்பதும் உண்மை. நான்காம் ஆண்டில் திறந்த கதவு மூன்றாம் ஆண்டிலேயே திறந்தால், உள்ளே வரும் கிளெய்ம் அதிகமாகத்தான் இருக்கும். அதை யாராவது கட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். அதற்கு எங்கள் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடும், வயது ஏற ஏற மூட்டு வலியோடும் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கி 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்த தலைமுறைக்கு இப்போது அறுபது வயது. அவர்கள் பாலிசி எடுக்கப் போனால் படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. குடித்த தண்ணீர் கொடுத்த நோய்க்கு மூன்று ஆண்டு காத்திருக்கச் சொல்வதே அதிகம், நான்கு ஆண்டு என்பது கொடுமை. அந்த ஓராண்டைக் குறைத்ததற்காக என் அப்பாவின் பிரீமியத்தில் சில நூறு ரூபாய் ஏறியிருந்தால், அதை மனமாரக் கட்டலாம்.

வரி விஷயத்திலும் அண்ணன் சொன்னது பாதி சரி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. (கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுப் பாலிசிகளுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.) ஆனால் வரி விலக்குப் பெற்ற பொருளை விற்பவர், தான் வாங்கும் சேவைகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அலுவலக வாடகை, மென்பொருள், விளம்பரம், ஏஜென்ட் கமிஷன் என்று எல்லாவற்றிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது. முன்பு எங்களிடம் வசூலித்த 18 சதவீதத்தில் இந்த வரியைக் கழித்துக்கொண்டார்கள். இப்போது இது முழுச் செலவு. அதை ஈடுகட்டப் பல நிறுவனங்கள் ஏஜென்ட் கமிஷனைக் குறைத்தன. அண்ணனுக்கு அந்த அடி நேராகவே விழுந்தது. பாக்கி விலைக்குள் போனது. எங்கள் தொழிற்சாலையில் வரிக் கணக்கைப் பார்த்துப் பழகியவள் என்பதால் இது எனக்குப் புரிகிறது. எனவே முழு 6,480 ரூபாயும் எங்கள் கைக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் 3,400ஐயும் இந்த ஒரு காரணத்தால் விளக்கிவிட முடியாது.

நிறுவனத்தின் சொந்தச் செலவு எவ்வளவு என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. 2023இல் ஆணையம் கமிஷனுக்குத் தனித்தனியாக இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, மொத்த நிர்வாகச் செலவுக்கு ஒரே வரம்பை வைத்தது: பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வசூலிக்கும் பிரீமியத்தில் 30 சதவீதம், மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் நிறுவனங்களுக்கு 35 சதவீதம். அதாவது நான் கட்டும் நூறு ரூபாயில் முப்பத்தைந்து வரை சம்பளம், கமிஷன், கட்டட வாடகை என்று போகலாம், விதி அனுமதிக்கிறது. மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் நிறுவனங்கள் கிளெய்முக்குக் கொடுப்பது நூற்றுக்கு அறுபத்தைந்து ரூபாயை ஒட்டி இருக்கிறது. அரசுத் துறை நிறுவனங்கள் நூறையே தாண்டிக் கொடுத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், தனிநபர் பாலிசிகளில் பிரீமியத்தின் 80 சதவீதத்தையாவது சிகிச்சைக்குச் செலவிட வேண்டும், இல்லையென்றால் மிச்சத்தைப் பாலிசிதாரருக்குத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இங்கே அப்படி ஒரு கீழ்வரம்பு இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவும் யோசித்த பிறகும், அண்ணனின் வாதத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பதாகவே தோன்றியது. விதி, வரி, கமிஷன், நிர்வாகச் செலவு என்று பேசிக்கொண்டே போகிறோம். இவை எல்லாம் காப்பீட்டு நிறுவனத்தின் நான்கு சுவருக்குள் நடப்பவை. பிரீமியத்தின் பெரும்பங்கு அங்கே நிற்பதில்லை. அது மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தேன். அதன் பொருள் மட்டும் அப்போது முழுதாக விளங்கவில்லை.

ஓசூர் மருத்துவமனையில் இரண்டு தாள்கள்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி தாங்க முடியாமல் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். எஸ்டிமேட் வாங்கக் கீழே போனேன். அந்த ஊரில் எந்தக் கவுண்ட்டரிலும் கேட்பதுபோல அங்கேயும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலித்துக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் தலை நிமிராமல் கேட்டார்: “கேஷா, இன்சூரன்ஸா?”

பாலிசி இருக்கிறது, ஆனாலும் எதற்கும் இரண்டையும் சொல்லுங்கள் என்றேன். அவர் இரண்டு தாள்களை அச்சிட்டு நீட்டினார். இரண்டிலும் அம்மாவின் பெயர், வயது, ஒரே டாக்டரின் பெயர், ஒரே ஆபரேஷனின் பெயர், அதே வகை அறை. கேஷ் தாளில் மொத்தம் 68,000. இன்சூரன்ஸ் தாளில் 1,12,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஒன்றில் 14,000, மற்றதில் 26,000. அறுவை செய்பவரின் கட்டணம் 22,000, 35,000. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 6,000, 12,000. அறை வாடகையில் மட்டும்தான் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மாவின் ரத்தம் இன்சூரன்ஸில் எடுத்தால் இரண்டு மடங்கு விலை என்று அந்தத் தாள் சொன்னது.

“ஏன் இப்படி?” என்று கேட்டேன். அந்த இளைஞர் மறைக்கவில்லை. “கேஷ் என்றால் இன்றைக்கே கைக்கு வந்துவிடும் மேடம். இன்சூரன்ஸ் என்றால் பணம் வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். வரும்போதும் அது சேராது, இது சேராது என்று பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ரேட் வைக்கிறோம்” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் தொழிற்சாலையிலும் தொண்ணூறு நாள் கடனுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, கையில் காசு தருபவருக்கு ஒரு விலை உண்டு. ஆனால் கடனுக்காக நாங்கள் ஏற்றுவது நூற்றுக்கு மூன்றோ நான்கோ. ஏறக்குறைய அறுபத்தைந்து சதவீதம் ஏற்றினால் எங்களிடம் யாரும் கூழ் வாங்க மாட்டார்கள். வாங்குபவர் வேறு ஆலைக்குப் போய்விடுவார். வலியில் துடிக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு நான் எந்த ஆலைக்குப் போவது?

அப்பா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நம் கையிலிருந்தா போகிறது? கம்பெனிதானே கொடுக்கிறது, விடும்மா.” அந்த நேரத்தில் அது சரியாகவே இருந்தது. கம்பெனி கொடுத்தது. கையுறை, பஞ்சு போன்றவற்றுக்காகச் சில ஆயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டியது. ஆனால் அந்த 44,000 ரூபாய் எங்கும் காணாமல் போகவில்லை. எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களின் 44,000கள் ஒன்றாகச் சேர்ந்து, மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்ற பெயரில், அடுத்தடுத்த ஆண்டு நோட்டீஸில் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. மருத்துவச் செலவு ஆண்டுக்கு 12 முதல் 14 சதவீதம் வரை ஏறுவதாகக் காப்பீட்டுத் துறையினர் சொல்கிறார்கள். அந்த ஏற்றத்தில் புது மருந்து, புது இயந்திரம், நர்ஸ் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. கவுண்ட்டரில் அந்த இளைஞர் அச்சிட்ட இரண்டாம் தாளும் இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அவருக்கும் பித்தப்பைக் கல், அதே டாக்டர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சேர்ந்திருந்தார். கையிலிருந்து ஒரு ரூபாய் கட்டவில்லை. அவருக்காக அரசுத் திட்டம் ஆபரேஷனுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பேக்கேஜ் தொகை எங்கள் கேஷ் விலையில் பாதிகூட வராது என்று கவுண்ட்டர் இளைஞரே சலித்துக்கொண்டார். ஆக ஒரே மாடியில், ஒரே தியேட்டரில், ஒரே கையால் செய்த ஒரே ஆபரேஷனுக்கு மூன்று விலை. அந்த அக்கா எங்களுக்கு முன்பே நன்றாகத் தேறி, முந்தின நாளே வீட்டுக்குப் போனார்.

அன்று அதிர்ச்சிதான் மிஞ்சியது. புதுப்பிப்பு நோட்டீஸை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அந்த மூன்று விலைகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி தெளிந்தது: விலையைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? அட்டை வைத்திருந்த அக்காவுக்கு விலையை அரசு சொன்னது. கேஷ் கொடுப்பவருக்கு, அவர் தாங்கக்கூடிய அளவைப் பார்த்து மருத்துவமனை சொன்னது. எங்களுக்கும் மருத்துவமனைதான் சொன்னது. ஆனால் எதிரில் பேரம் பேச யாரும் இல்லை. நான் பேசவில்லை, ஏனென்றால் பணம் கம்பெனியுடையது. கம்பெனியும் பெரிதாக மல்லுக்கட்டவில்லை, ஏனென்றால் பணம் கடைசியில் எங்களுடையது.

அரசு விலை சொன்னால் என்ன ஆகிறது

தமிழ்நாட்டில் அரசுக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2022இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் இதற்காக அரசு ஒரு குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டும் பிரீமியம் ஆண்டுக்கு 849 ரூபாய். அதை எங்கள் 39,400 ரூபாயோடு நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. எங்களுடையது முதியவர்கள் இருவருக்கான பாலிசி. அவர்களுடையதில் குழந்தை முதல் கிழவர் வரை கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள். செலவு அதிகமாகும் சிகிச்சைகளின் பாரத்தில் ஒரு பங்கை அரசு தனியாகவும் தாங்குகிறது. அந்தக் குடும்பங்களில் பலர் காய்ச்சல், பிரசவம் எல்லாவற்றுக்கும் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுகிறார்கள். இத்தனையும் கழித்த பிறகும், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே விலை எழுதி வைத்திருப்பது அந்த 849இன் முதுகெலும்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதய ரத்தக் குழாய் அடைப்புக்குப் பொருத்தும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயின் கதையும் அதையே சொல்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முந்தின நாள் வரை லட்சத்தைத் தாண்டி விற்ற பொருள். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் விலை வரம்பு வந்தது. கம்பெனிகள் நாட்டை விட்டு ஓடிவிடும் என்று பயமுறுத்தினார்கள். இன்றும் ஸ்டென்ட் கிடைக்கிறது. ஸ்டென்டில் விட்டதை வேறு கட்டணங்களில் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. அதை நான் நம்புகிறேன். ஒரு பொருளுக்கு மட்டும் விலை வைத்து, அதைப் பொருத்தும் வேலைக்கும் படுக்கும் படுக்கைக்கும் வைக்காமல் விட்டால் அப்படித்தான் நடக்கும்.

ஆக, காப்பீட்டுக்கு ஹைதராபாத்தில் ஒரு ஆணையம் இருக்கிறது, மருந்துக்கும் ஸ்டென்டுக்கும் டெல்லியில் ஒரு ஆணையம் இருக்கிறது, மருத்துவமனை பில்லுக்கு? மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வந்த 2012 விதிகள், கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கச் சொல்கின்றன; அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள் வசூலிக்கச் சொல்கின்றன. அந்த வரம்பை நிர்ணயிக்காமல் ஏன் இருக்கிறீர்கள் என்று 2024இல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் இல்லை. இங்கே 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம். 2018இல்தான் அதற்கு விரிவான விதிகள் வந்தன. அதன் கவனம் பதிவு, இட வசதி, ஆட்கள், கருவிகள் ஆகியவற்றின் மேல் இருக்கிறது. நான் கையில் வைத்திருந்த இரண்டு தாள்களைக் கொண்டுபோய், இதற்கு விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்க ஓர் அலுவலகம் கிருஷ்ணகிரியில் இல்லை. காப்பீட்டு நிறுவனம் தவறு செய்தால் சென்னையில் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 50 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் விசாரிக்கிறார்.

பக்கத்து மாநிலம் ஒரு முறை முயன்றது. ஓசூர்க்காரர்களுக்கு அது வெளியூர் விஷயம் இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திராவின் பெரிய மருத்துவமனைகள், எங்கள் மாவட்டத்து இதய நோயாளிகளில் பல பேர் போகும் வழி அதுதான். 2017இல் கர்நாடக அரசு தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்தை நிர்ணயிக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நவம்பரில் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் விலை நிர்ணயம் அரசுத் திட்ட நோயாளிகளோடு நின்றுவிட்டது. அட்டை உள்ளவருக்கு அங்கேயும் விலை இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

இந்த எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல நிறுவனங்கள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, பெருநகரங்களுக்கு அதிகப் பிரீமியமும் சிறு ஊர்களுக்குக் குறைந்த பிரீமியமும் வைக்கின்றன. கிருஷ்ணகிரி முகவரி போட்டால் மலிவு. ஆனால் சில பாலிசிகளில், மலிவு மண்டலத்துக்காரர் பெருநகரத்தில் போய்ப் படுத்தால் பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் நாங்கள் முதலில் நினைப்பது பெங்களூரு, அடுத்தது சேலம். விலை உயர்ந்த மண்டலத்தின் பிரீமியத்தை முதலிலேயே கட்டுவதா, இல்லை ஆபத்து நேரத்தில் லட்சத்தில் இருபதாயிரம் எடுத்து வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெங்களூரு பில் ஏன் அவ்வளவு அதிகம் என்ற கேள்விக்குப் பதில் தேடாமல், அந்த வித்தியாசத்தை எங்கள் தலையில் பங்கு போடும் ஏற்பாடு இது.

சின்ன நர்ஸிங் ஹோம் என்ன செய்யும்

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் கோபப்படுவார். தருமபுரியில் இருபது படுக்கை வைத்து நடத்துகிறார். “அரசுத் திட்டத்தின் ரேட்டை எல்லோருக்கும் வைத்தால் நான் இந்த இடத்தைப் பூட்டிவிட்டுச் சேலத்தில் கார்ப்பரேட் மருத்துவமனையில் சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். ராத்திரி தொப்பூரில் லாரி கவிழ்ந்தால் யார் எழுந்து வருவார்கள்?” என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். திட்டத்தின் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகாமல், அந்த நஷ்டத்தைத்தான் எங்களைப் போன்றவர்களின் பில்லில் ஏற்றுகிறார்கள் என்றால், அதுவும் தவறான விலைதான். அரசு குறைத்துக் கொடுப்பதை நான் கூட்டிக் கட்டுகிறேன். அப்படியானால் நியாயமான விலை மூன்று தாள்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிந்தவர்களும் டாக்டர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இருபது படுக்கைக்கு ஒரு விலை, இருநூறு படுக்கைக்கு ஒரு விலை என்று வைப்பதில் தவறு இல்லை. நோயாளி பணமாகக் கொடுக்கிறாரா, பாலிசி வைத்திருக்கிறாரா என்று பார்த்து விலை வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மருத்துவமனைக்கு உரிய பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் இத்தனை நாளில் தர வேண்டும், தவறினால் வட்டி என்று ஆக்கிவிட்டால், அந்த இளைஞர் சொன்ன காரணமும் போய்விடும்.

பேரம் பேசினால் விலை இறங்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2010 ஜூலையில் நான்கு அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து, சென்னை, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் கேஷ்லெஸ் வசதியை நிறுத்தின. நோயாளிகள் சிரமப்பட்டார்கள். அதன் பிறகு பல ஆபரேஷன்களுக்குப் பேக்கேஜ் விலைக்கு ஒத்துக்கொண்ட மருத்துவமனைகளின் பட்டியல் உருவானது. நிறுவனமும் மருத்துவமனையும் மல்லுக்கட்டும்போது நடுவில் அகப்படுபவர் கட்டிலில் படுத்திருப்பவர். அதனால்தான் இந்தப் பேரத்தைத் தனியாரிடம் விடாமல் சட்டத்தின் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

முதியோருக்கான பத்து சதவீத வரம்பைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அப்பா சந்தோஷப்பட்டார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் எட்டாவது ஆண்டில் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஓய்வு பெற்றவரின் வருமானம் எட்டு ஆண்டில் இரட்டிப்பாகாது. மருத்துவமனை பில் அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது பிரீமியத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால், மிச்ச பாரம் அறுபதைத் தொடாத எங்கள் தலையில் இறங்கும். எனக்கும் தம்பிக்கும் வந்த நோட்டீஸ்களில் ஏற்றம் அப்பாவுடையதைவிட அதிகம். அங்கே வரம்பு எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்துக்கே போய் அண்ணனிடம் சொன்னேன். மருத்துவமனை பில்லுக்கு விதி வந்தால் பிரீமியம் குறையும், அதில் உங்கள் கமிஷனும் குறையுமே என்றும் கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், பர்கூரில் ஜவுளிக்கடைக்காரர், போச்சம்பள்ளியில் ஓய்வுபெற்ற தனியார் பள்ளி ஆசிரியை. எல்லோரும் பத்து ஆண்டுக்கு மேல் கட்டியவர்கள். பெரும்பாலானோர் ஒருமுறைகூட கிளெய்ம் கேட்டதில்லை. நோய் வரும் வயதில், கட்ட முடியாமல் விட்டார்கள். இனி சேர வேண்டுமானால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். “கமிஷன் குறைந்தால் குறையட்டும் பாப்பா. இந்தப் பக்கத்தில் பெயர் எழுதுவது நின்றால் போதும். நீ பேசியதை எழுதிக் கொடு, எங்கள் ஏஜென்ட் சங்கத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்” என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு எஸ்டிமேட் தாள்களின் நகலையும் சேர்த்தே அனுப்பப் போகிறோம்.